நாங்கள் ஏறாத கோச்சி

இந்த நாட்டில் ரயிலுக்கு யாரும் கைகாட்டுவதில்லை. லண்டனின் கிழக்குப் பக்கத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்வளவு ஒரு பாய் விரிக்கும் அளவுதான். அதன் முடிவில் பலகை வேலி, வேலிக்கு அப்பால் ஒரு சிறு மேடு, மேட்டின்மேல் தண்டவாளம். வந்த புதிதில் ஒருநாள் உடுப்புக் காயப்போட இறங்கியிருந்தேன். ரயில் வந்தது. என்னைக் கேளாமலே என் கை உயர்ந்தது. யன்னல்களில் வரிசையாக முகங்கள், ஒன்றுகூட அசையவில்லை. பக்கத்து வளவில் ரோசாச்செடி கத்தரித்துக்கொண்டிருந்த கிழவர் நிமிர்ந்து, “அதில் உனக்கு யாரைத் தெரியும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “ஒருவரையும் தெரியாது” என்றேன். அவர் ரயில் போன திசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கத்தரிக்கோலை மடக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டது எனக்குக் கேட்டது. மாரி தொடங்கிய பிறகு பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. அப்போது பெட்டிகளுக்குள் விளக்கு எரியும். மனிதர்கள் மெழுகில் செய்து கண்ணாடிக்குப் பின்னால் இருத்தி வைத்தவர்கள் போலப் போவார்கள். தூங்குகிறார்களா, விழித்திருக்கிறார்களா என்று தெரியாது. சமையலறை விளக்கை அணைத்துவிட்டு நான் அவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

எங்கள் ஊரில் ரயிலைக் கோச்சி என்போம். சாவகச்சேரிக்குக் கிட்ட, தென்மராட்சியில் எங்கள் வீடும் தண்டவாளத்துக்குப் பின்புறம் காட்டியபடிதான் நின்றது. ஐயா தென்னை ஏறித் தேங்காய் பிடுங்குபவர். அம்மா வளவில் இருந்து தென்னோலையில் கிடுகு பின்னுவார். இருவருக்கும் கையெழுத்து வராது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படலையைத் தாண்டி உள்ளே போனவள் நான். உயர்தரம் வரை படித்தேன், அதிலும் ஆங்கிலத்தில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தேன். அயலில் யாருக்காவது வெளிநாட்டிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு காகிதம் வந்தால் படலையில் வந்து நின்று என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஐயாவைவிட வயதில் மூத்தவர்கள்கூட. அது பெருமையா என்று கேட்டால், ஓம், பெருமைதான். ஊரைவிட்டு வள்ளத்தில் வந்தபோது அதை நான் கிளாலிக் கடலேரியில் விட்டுவிட்டு வரவில்லை.

ஆகவே இங்கே கல்லூரியில் ஆங்கில வகுப்புக்குப் போனபோது என்னை நடுவகுப்பில் இருத்தியதை நான் அவமானமாகத்தான் எடுத்தேன். பகலில் சாண்ட்விச் பொதி செய்யும் ஓர் இடத்தில் வேலை. தலையில் வலைத்தொப்பி, கையில் உறை. அதிலிருந்து வெளியேற ஒரு வழி இருந்தது. அதே கல்லூரியின் இன்னொரு கட்டடத்தில் தாதிப் பயிற்சிக்கான ஆயத்த வகுப்பு நடந்தது. அதில் சேர, தவணை முடிவில் நடக்கும் எழுத்துப் பரீட்சையில் தேற வேண்டும். இலக்கணத்துக்கு எனக்குப் பயமில்லை. கடைசிக் கேள்வி ஒரு பக்கக் கட்டுரை, அதற்கும் பயமில்லை என்றே நினைத்தேன். தவறினால் அடுத்த ஆண்டு வரை சாண்ட்விச்தான்.

வகுப்பு எடுத்தவர் மார்கரெட். ‘மிஸ்’ என்று கூப்பிட வேண்டாம், பெயரைச் சொல்லுங்கள் என்பார். எனக்கு நாக்கு வரவில்லை, மிஸ் என்றே கூப்பிட்டேன். முதற்கிழமையே அவர் பலகையில் ‘ஒரு பயணம்’ என்று எழுதி, நீங்கள் போன ஒரு பயணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள் என்றார். சோமாலியாவிலிருந்து வந்த ஹவா பேனாவைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். மற்றவர்கள் அகராதியைப் புரட்டினார்கள். நான் புரட்டவில்லை. என் பேனா ஒருமுறையும் நிற்கவில்லை, ஒரு சொல்லையும் வெட்டவில்லை. தூறல் விழுந்த காலை, பச்சைக்கொடி காட்டிய கார்ட், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் வயல்கள், எதிர் இருக்கையில் மடியில் மாம்பழக் கூடையோடு ஒரு கிழவி, கூடையை மூடிய சிவப்புத் துணி, அவள் எனக்கு நீட்டிய ஒரு மாம்பழம். பிறகு தண்டவாளத்து ஓரம் மஞ்சள் சட்டை போட்ட ஒரு சிறுமி, அவள் கைகாட்டியது, அவள் ஒரு புள்ளியாகும் வரை நானும் கைகாட்டியது. அவள் முகத்தை என்னால் மறக்க முடியாது என்று முடித்து, எல்லோருக்கும் முதல் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

அடுத்த கிழமை மார்கரெட் இரண்டு தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிவந்து, சொல்ல முடியாத ஒரு மகிழ்ச்சி. முதலில் என் தாளை வாசித்தார். பிறகு மற்றதை வாசித்தார். அதே தூறல், அதே கொடி, அதே சிவப்புத் துணி, அதே மஞ்சள் சட்டை. வகுப்பின் கடைசி வரிசையில் இருந்த ஒருவரைக் காட்டி, “நீங்கள் இருவரும் ஒரே ரயிலில் போயிருக்கிறீர்கள்!” என்றார். “ஒரே பெட்டியில்! உங்களுக்கே அது தெரியாது! சொல்லுங்கள், அந்த மாம்பழம் உங்களில் யாருக்குக் கிடைத்தது?” வகுப்பு கைதட்டியது. நான் திரும்பிப் பார்த்தேன். முப்பதுக்குக் கிட்டிய ஒரு மனிதர், பெற்றோல் நிலையத்துச் சீருடையோடு, தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். பெயர் குலம். பருத்தித்துறை ஆள் என்று மட்டும் எனக்குத் தெரியும். ஹவா சிரிக்கவில்லை. அவள் கையை உயர்த்தி, “அந்தக் கிழவி எந்த இடத்தில் இறங்கினாள்?” என்று கேட்டாள். மார்கரெட் என்னைப் பார்த்தார். நான் குலத்தைப் பார்த்தேன். அந்தக் கிழவி இறங்கவில்லை. அந்தக் கோச்சி எங்கேயும் போய்ச் சேரவில்லை. ஊர்ப் பரீட்சை கேட்ட சொல் அளவு முடிந்த இடத்தில் அது நின்றுவிட்டது.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களில் பலருக்கு இப்போது விஷயம் விளங்கியிருக்கும். எங்கள் டியூட்டரியில் ஆங்கிலம் படிப்பித்த மாஸ்டர் சைக்கிளில் சாவகச்சேரிக்கும் பருத்தித்துறைக்கும் தெல்லிப்பழைக்கும் ஓடியோடிப் படிப்பித்தவர். கட்டுரைக்கென்று ரோனியோ மெசினில் படியெடுத்த ஒரு தாள் வைத்திருந்தார். அதன் தலைப்பு ‘ஒரு ரயில் பயணம்’. ரோனியோ மை கிடைக்காமல் போன பிறகு வாயால் சொல்ல நாங்கள் எழுதினோம். பயணம் என்று கேட்டாலும் அதுதான், மறக்க முடியாத நாள் என்று கேட்டாலும் அதுதான், நீர் சந்தித்த மனிதர் என்று கேட்டாலும் தொடக்க வரியை மாற்றிவிட்டு அதுதான். பின்னேரங்களில் கிடுகு வேலிக்கும் கிணற்றுக்கும் நடுவில் நடந்து நடந்து அதைப் பாடமாக்கினேன். அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் நான் ஓரிடத்தில் தடுமாறினால் கிடுகு பின்னும் கை நின்றுவிடும். பாடமாக்குவதை நான் குறை சொல்ல வரவில்லை. அந்த மாஸ்டரின் தாளால் தேறியவர்கள் எத்தனையோ பேர், அவர்களில் நானும் ஒருத்தி. இதிலுள்ள விசித்திரம் வேறு. நான் அதைப் பாடமாக்கிய காலத்தில் எங்கள் பக்கம் கோச்சியே ஓடவில்லை. சண்டை தொடங்கி, தண்டவாளம் பதுங்குகிற பங்கர்களுக்குக் கூரையாகப் போயிருந்தது. சிலிப்பர் கட்டைகளையும் கழற்றி எடுத்தாயிற்று. கல் மேடு மட்டும் மிச்சம், அதன்மேல் எருக்கலை முளைத்திருந்தது. கோச்சி ஓடிய நாளிலும் நான் அதில் ஏறியதில்லை. ஏறுவதற்கு எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு அலுவல் இருந்ததில்லை.

இடைவேளையில் தேத்தண்ணீர் மெசின் அடியில் குலம் அண்ணையைப் பிடித்தேன்.

“அண்ணை, நீங்களும் சைக்கிள் மாஸ்டரிட்டையோ படிச்சனீங்கள்?”

“எந்த மாஸ்டர்?”

“கோச்சிக் கட்டுரை மாஸ்டர்.”

அவர் காகிதக் கோப்பையை ஊதினார். “என்ன கட்டுரை, பிள்ளை? நான் போனனான்.”

“எதிலை?”

“உந்தக் கோச்சியிலைதான்.”

“பருத்தித்துறைக்குக் கோச்சி எங்கை அண்ணை இருந்தது? உங்கடை ஊரிலை வள்ளம்தானே ஓடினது!”

“பாருமன், தென்மராட்சிக்காரிக்குத் தண்டவாளம் பக்கத்திலை எண்ட புளுகு! கொடிகாமத்துக்கு பஸ்ஸிலை வந்து ஏறினனான். உமக்கு அது பாடமாக்கினது, எனக்கு நடந்தது.”

பகிடி விடுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நீர் எல்லாம் எழுதினீர். ஒண்டை விட்டிட்டீர். அந்த மனிசிக்கு ஒரு கண்ணிலை பூ விழுந்திருந்தது. நீர் அதை எழுதேல்லை” என்றார்.

மாஸ்டரின் தாளில் கண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதன் ஒவ்வொரு காற்புள்ளியும் எனக்குத் தெரியும். ஆனால் குலம் அண்ணை சொன்ன அந்தக் கணத்தில், எந்தக் கண் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. இடது கண். யன்னல் பக்கத்துக் கண். நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டு, அவரும் இடது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கோப்பையில் இருந்ததைக் குடிக்காமல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

அன்று வகுப்பு முடிய மார்கரெட்டிடம் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் எங்களை வைத்து ஒரு சினேகக் கதை கட்டத் தொடங்கியிருந்தார், அதை நிறுத்த வேண்டியிருந்தது. இது எங்கள் ஊரில் எல்லோரும் பாடமாக்கியது, யாரும் போகவில்லை என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. நெடுநேரம் அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “அப்படியானால் அந்த ரயிலில் இருந்தது யார்?” என்று கேட்டார். “ஒருவரும் இல்லை, மிஸ்.” “எத்தனை பேருக்கு இது தெரியும்?” “நூற்றுக்கணக்கான பேருக்கு இருக்கும்.” அவர் என்னவோ விளங்கிக்கொண்டு தலையாட்டினார். எதை விளங்கிக்கொண்டார் என்று தெரியவில்லை. நான் பரீட்சை முறையைப் பற்றிச் சொன்னேன், அவர் இறந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார் போலிருந்தது, ஏனென்றால் என் தோளைத் தொட்டு “ஐ ஆம் சோ சொறி” என்றார். பிறகுதான் முக்கியமானதைச் சொன்னார். பரீட்சைத் தாள்களைத் திருத்துபவர்கள் வெளியாட்கள். ஒரே கட்டுரை இரண்டு கையெழுத்தில் வந்தால் இரண்டையும் ஒதுக்கிவிடுவார்கள். “உனக்கு நடந்த ஒன்றை எழுது. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.”

சின்னதாக இருந்தாலும் பரவாயில்லையாம்! எனக்கு உள்ளூரக் கோபம். எனக்கு நடந்தவை சின்னவை அல்ல. வீட்டுக்கு வந்து யன்னல் அருகே இருந்து, கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்ததை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினேன். தொடக்கம் நல்லாய் வந்தது. தண்ணீர், துடுப்பு, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குந்தியிருந்த சனம். பிறகு எதிரே ஒரு கிழவி இருந்தாள் என்று எழுதினேன். இருந்திருக்கலாம், வள்ளத்தில் கிழவிகள் இருந்தார்கள்தான். அவள் மடியில் கூடை. அதன்மேல் சிவப்புத் துணி. பேனாவை உதறிவிட்டு எழும்பிவிட்டேன். அடுத்த நாள் வேறொன்று, அம்மா கிடுகு பின்னுவதை எழுதினேன். இரண்டாவது பந்தியில் எங்கள் வளவுப் படலையில் கார்ட் வந்து நின்று பச்சைக்கொடி காட்டினார், அம்மா பின்னத் தொடங்கினார். வாசித்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. தமிழில் நினைத்தால் எங்கள் வளவு வளவாகவே இருந்தது. ஆங்கிலத்தில் அதற்குள் காலடி வைத்தால் வயல் பச்சைக் கம்பளமாகியது, தூறல் விழுந்தது, எங்கோ மஞ்சள் சட்டை தெரிந்தது. ஒரு மொழியில் எனக்கு இருந்த முழுச் சொத்தும் அந்த ஒரு பெட்டிதான். எந்தக் கதவைத் திறந்தாலும் அதற்குள்தான் போய் விழுந்தேன்.

இப்போது ஊரில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இங்கே புதிதாக வந்து வகுப்புகளில் குந்தியிருப்பவர்களுக்கும் நான் கண்டுபிடித்த சிலவற்றைச் சொல்ல வேண்டும். மார்கரெட் சொன்ன வழிகளில் பாதி எனக்கு உதவவில்லை. மனதில் பட்டதை எழுது என்பார், என் மனதில் பட்டது கோச்சிதான். உதவியது, எழுதியதைச் சுவருக்குச் சத்தமாக வாசி என்றது. வாசிக்கும்போது பாடமாக்கிய வசனம் தாளத்தோடு ஓடும், நடக்கும்போது பாடமாக்கியது அல்லவா. சொந்த வசனம் கல்லில் இடறும். அதிலிருந்து நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். நிற்காமல் வந்த வசனத்தை வெட்டு. அழகான வசனமென்றால் இரண்டு தரம் வெட்டு. மிஞ்சுவது கொஞ்சம்தான், சின்னப்பிள்ளை எழுதியது மாதிரி இருக்கும், வெட்கமாக இருக்கும். என்னைப்போல் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவர்களுக்கு அந்த வெட்கம் பெரிய தண்டனை. அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இன்னொன்று, என்ன உணர்ந்தாய் என்பதை விட்டுவிட்டுக் கையில் என்ன இருந்தது என்று முதலில் எழுதுங்கள். அகராதியை முதலில் எடுக்காதீர்கள், தெரிந்த சொற்களால் ஒருமுறை எழுதிவிட்டு இல்லாத ஒரு சொல்லைத் தேட மட்டும் எடுங்கள். ஒருநாள் ஆறவிட்டு மறுநாள் வாசியுங்கள். நீங்கள் எழுதாத யாராவது அதற்குள் வந்து இருந்தால் தெரியும்.

குலம் அண்ணையிடமும் இந்த விதியைச் சொன்னேன். பரீட்சைக்கு முந்திய கிழமை, பஸ் தரிப்பில் நின்று.

“அண்ணை, ரெண்டு பேரும் அதை எழுதினால் ரெண்டு பேரையும் விழுத்திப்போடுவினம். நீங்கள் வேறை எழுதுங்கோ. நீங்கள் வந்த கதையை எழுதுங்கோவன்.”

“வந்த கதையோ?” அவர் தெருவைப் பார்த்தார். “பிள்ளை, தமிழிலை நினைச்சால் எனக்குக் கடல் வரும். கடலோடை தம்பி வருவான். அவன் கரைக்கு வரேல்லை. இங்கிலீசிலை நினைச்சால் கோச்சி வருது. யன்னலாலை காத்து வருது, மாம்பழம் தருகினம். நீர் என்னை அதிலையிருந்து இறங்கச் சொல்லுறீர்.”

“உது பொய்யெல்லே, அண்ணை?”

“இருக்கட்டும். இங்கிலீசிலை எனக்கு வேறை ஊர் இல்லை.”

பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, “நீர் பயப்பிடாமல் அதையே எழுதும். நான் எழுதேல்லை எண்டு வைச்சுக்கொள்ளும்” என்றார். அது விட்டுக்கொடுப்பா, கேலியா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை என் பெருமையைச் சுட்டது. அவர் விட்டுத்தந்த இருக்கையில் இருந்து தேற நான் தயாரில்லை.

அன்று பின்னேரம் கொடியில் இருந்து உடுப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். ரயில் வரும் நேரம் என்று கை தானே அவசரப்பட்டது. கோச்சிப் புகை உடுப்பில் படிந்துவிடும் என்று ஊரில் அம்மா பின்னேரக் கோச்சிக்கு முதல் வேலியில் காயும் உடுப்பை எல்லாம் அள்ளுவார். இங்கே ரயிலுக்குப் புகை கிடையாது. அப்படியிருக்க நான் ஏன் அள்ளுகிறேன்? கையில் ஈர உடுப்போடு அந்த வளவில் நின்றுவிட்டேன். ஏனென்றால் இன்னொரு காட்சி எனக்கு அப்போதுதான் திரும்பி வந்தது. கோச்சி நின்றுபோய், தண்டவாளமும் போய், எருக்கலை முளைத்த பிறகும் அம்மா அதே நேரத்துக்கு எழும்பி உடுப்பை அள்ளினார். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, நான் ஊரைவிட்டு வெளிக்கிடும்வரை.

“கோச்சி எங்கையம்மா வருது? ஆருக்கு அள்ளுறியள்?”

“உனக்கென்னடி விசர், ஆட்டைப் பார்.”

ஆட்டைப் பார்த்தேன். மேட்டோரம் கட்டியிருந்த ஆடு மேய்வதை விட்டுத் தலையைத் தூக்கி, கோச்சி வரும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. காது இரண்டும் முன்னே மடிந்திருந்தன. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தலையை மெல்ல இடமிருந்து வலமாகத் திருப்பியது, ஏதோ நீளமான ஒன்று போய் முடிவதைப் பார்ப்பதுபோல். அதன் பிறகு மேயத் தொடங்கியது. அம்மா உடுப்பைத் திரும்ப வேலியில் விரித்தார். அந்த ஆடு கோச்சி நின்றபிறகு பிறந்த குட்டி. அதை அன்று நான் யோசிக்கவில்லை. லண்டன் வளவில் நின்றுதான் யோசித்தேன்.

பரீட்சையில் கடைசிக் கேள்வி, நான் பயந்ததுபோலவே, ஒரு பயணத்தை விவரிக்கச் சொன்னது. குலம் அண்ணை எனக்கு முன் வரிசையில் இருந்தார். அவர் பேனா ஒரே ஓட்டமாக ஓடுவது தெரிந்தது. தோள்கூட ஆடியது, பெட்டியில் இருப்பவர் ஆடுவதுபோல். எனக்குக் கார்ட் கொடியைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவரை வெட்டினேன். பிறகு எழுதினேன். நான் அந்த ரயிலில் ஒருநாளும் போகவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். என் கையில் ஆட்டுக் கயிறு இருந்தது. இந்த மூன்று வசனத்துக்கும் நான் பட்ட பாடு மாஸ்டரின் முழுத்தாளுக்கும் பட்டதில்லை. பிறகு கல் நடுங்குவதை எழுதினேன், முதலில் கால்விரலுக்குத் தெரியும், பிறகுதான் காதுக்கு. சூடான எண்ணெய் மணத்தை எழுதினேன். கீழே நிற்பவளுக்கு மனிதர்கள் நெஞ்சுக்கு மேலேதான் தெரிவார்கள், மடியும் காலும் தெரியாது என்று எழுதினேன். நான் கைகாட்டுவேன், யாரோ ஒருவர் காட்டுவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். பிறகு தண்டவாளம் போனதையும் அம்மா உடுப்பு அள்ளியதையும் ஆடு தலை திருப்பியதையும் எழுதினேன். எல்லாம் குட்டிக் குட்டி வசனங்கள், வெட்டிய கோடுகளால் தாள் அசிங்கமாக இருந்தது. ஒரு யன்னலில் ஒரு கண் வெள்ளையாக இருந்த ஒரு கிழவி என்னைப் பார்த்தாள் என்று ஒரு வசனம். அது நிற்காமல் வரவில்லை, தடுமாறித்தான் வந்தது. ஆகவே என் விதிப்படி வெட்டவில்லை.

நான் தேறினேன். மார்கரெட் எல்லோர் முன்னிலையிலும் என் பெயரைச் சொன்னார். பிறகு தனியே கூப்பிட்டு, “அந்தக் கிழவி உண்மையா?” என்று கேட்டார். சின்ன வயதில் கீழே நின்று அவளைக் கண்டேனா, அல்லது குலம் அண்ணை சொன்ன பிறகு அவளை அந்த யன்னலில் நானே இருத்தினேனா? நேர்மையாக, எனக்குத் தெரியவில்லை. “ஓம், மிஸ்” என்றேன். குலம் அண்ணை தேறவில்லை. திருத்துபவர் மாஸ்டரின் கட்டுரையை முன்பும் கண்டிருக்க வேண்டும் என்றார் மார்கரெட். வேறு வகுப்புகளில், வேறு ஆண்டுகளில், எங்கள் ஆட்கள் எத்தனை பேர் அந்தப் பெட்டியில் போயிருப்பார்களோ. குலம் அண்ணையைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை.

“கெட்டிக்காரி இறங்கிப்போட்டாள்” என்று சிரித்தார். “நான் இன்னொருக்காப் போறன். உம்மை ஓரத்திலை கண்டால் கைகாட்டுறன்.”

இப்போது தாதிப் பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். அந்தக் கட்டடத்துக்கு ரயிலில்தான் போக வேண்டும், என் பின்வளவு மேட்டில் ஓடும் அதே ரயிலில். முதல் நாள் யன்னல் ஓரம் இடம் கிடைத்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. எதிர் இருக்கைக்கு யாரும் வரக்கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். கோட் போட்ட ஒரு ஆள் வந்து இருந்தார், மடியில் வெறும் பத்திரிகை. ரயில் மேட்டில் ஏறி வீடுகளின் முதுகுப் பக்கமாக ஓடியது. பலகை வேலிகள், ரோசாச்செடிகள், ஒரு பாய் அகல வளவுகள். எங்கள் வளவு எது என்று தேடினேன். மேலேயிருந்து பார்க்கையில் எல்லாம் ஒன்றுபோல இருந்தன.

பிறகு கண்டேன். ஒரு வளவில் உடுப்புக் கொடியின் அருகே மஞ்சள் சட்டையோடு ஒரு சிறுமி நின்று கைகாட்டினாள். ஒரு மூச்சு நேரம்தான். அது பழைய உடுப்புக் கடையில் நான் வாங்கிய கம்பளிச் சட்டை என்று மறுகணம் விளங்கியது. முந்தின நாள் நானே கழுவிக் கொழுவியது, அவசரத்தில் அள்ள மறந்தது. காற்றில் அதன் ஒரு கை எழும்பி விழுந்தது, எழும்பி விழுந்தது. மஞ்சள் நிறம் எங்கள் வீட்டில் ஒருநாளும் வாங்கியதில்லை. அந்தக் கடையில் அத்தனை நிறங்களுக்குள் எதற்காக அதை எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. என் கை உயர்ந்தது. அவள் ஒரு புள்ளியாகும் வரை கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டிருந்தேன்.

எதிரே இருந்தவர் பத்திரிகையைத் தாழ்த்தினார். வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தெரிந்தவரா?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன், தமிழிலேயே. அவர் விளங்கியதுபோல் தலையாட்டினார்.